பதினொரு விநாடிச் சுவர்

அத்தியாயம் 6

மாரீஸ்வரி தன் மடிக்கணினியை மேசைமேல் வைத்தபோது மணி பத்தே கால். மாலை ஐந்து மணிக்குள் தான் திருடி இல்லை என்று அவள் நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்று அவளுடைய படத்தைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறாள். ஒருவர் தாமாகக் கடிதம் எழுதி அவள் படத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

எதிரே உட்கார்ந்திருந்த முத்தழகு அவசரப்படவில்லை. காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறவள். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் விசாரணை வேலை. செத்துப்போனதாகப் பணம் கேட்கப்பட்ட பசுமாடுகளை உயிரோடு கண்டுபிடித்துக் கயிற்றோடு கொண்டுவந்து நிறுத்தியவள். மனிதர்களிலும் இரண்டு பேரை அப்படிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவளுடைய உதவியாளன் மாயக்கண்ணன் நாற்பது வயதுக்காரன். தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களுக்கு இருக்கை காட்டிக்கொண்டிருந்தவன். தியேட்டர் கல்யாண மண்டபமாகிப் போனதும் டார்ச்சோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டான். இன்றைக்கு அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. காரணம், எதிர்த்தரப்பு இயக்குநர் விக்கி. ஐம்பத்திரண்டு வயதிலும் விக்கிதான். அவர் போன வருடம் எடுத்த 'உக்கிரவேலு' படத்தை மாயக்கண்ணன் ஒன்பது தடவை பார்த்திருந்தான், அதில் மூன்று தடவை மொட்டை போட்ட தலையோடு.

வழக்கு இதுதான். மாரீஸ்வரி விழாவுக்காகத் தன் படத்திலிருந்து ஐந்து நிமிடத்தை இணையத்தில் போட்டாள். மறுநாளே விக்கியின் நிறுவனத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. 'உக்கிரவேலு' படத்தின் உச்சக்கட்டக் காட்சியை அவள் அப்படியே திருடிவிட்டாளாம். அதன் நகல் விழாக்காரர்களுக்கும் போயிருந்தது. உங்கள் படம்தான் முந்தியது என்பதற்குச் சான்று கொடுங்கள் என்று அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். மரியாதையாகக் கேட்டதுதான் மாரீஸ்வரியை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

படத்தை எடுத்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். ஆனால் அது இருந்த ஹார்ட் டிஸ்க் ஆறு மாதத்துக்கு முன்பு மண்டையைப் போட்டுவிட்டது. மதுரையில் ஒரு கடையில் கொடுத்து மீட்டதில் படம் பிழைத்தது, தேதி பிழைக்கவில்லை. இப்போது கோப்பில் இருப்பதெல்லாம் இந்த வருடத் தேதி.

"ரெண்டையும் போட்டுக் காட்டு" என்றாள் முத்தழகு.

மாரீஸ்வரியின் படத்துக்குப் பெயர் 'மதியம் இரண்டு முதல் மூன்று பத்து வரை'. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் முற்றத்தில் வெயில் நகர்வதை எழுபது நிமிடம், ஒரே ஷாட்டில் எடுத்தது. மீன்பாடி வண்டியில் கேமராவை வைத்து முற்றத்தை மெதுவாகச் சுற்றி வந்திருக்கிறாள். பிழைப்புக்கு அவள் கல்யாண வீடியோ எடுக்கிறாள். அங்கேயும் கை சும்மா இருக்காது. போன தை மாதம் மாலை மாற்றுகிற நேரத்தில் வாசலில் கிடந்த செருப்புகளை நாற்பது நிமிடம் எடுத்து, பெண்வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

மாயக்கண்ணன் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கொட்டாவியை விழுங்கினான். படத்தில் சண்டையே இல்லையே என்றான். வெயிலுக்கும் நிழலுக்கும் சண்டைதான் என்றாள் மாரீஸ்வரி.

"யாரு ஜெயிக்கிறா?"

"மூணு பத்துக்கு நிழல்."

"முடிவைச் சொல்லிட்டீகளே" என்று அவன் நொந்துகொண்டான்.

அடுத்து 'உக்கிரவேலு'. அதே மாதிரி முற்றம், கோடிக்கணக்கில் செலவழித்துச் சென்னையில் போட்ட செட். கேமரா அதே வேகத்தில் மெதுவாகச் சுற்றுகிறது. நடுவில் கதாநாயகன் அரிவாளோடு நிற்கிறான். ஆட்கள் பாய்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் கேமரா அவர்களை விட்டுவிட்டு வெறும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. பதினொரு விநாடி சுவர் மட்டும். சத்தம் மட்டும் கேட்கிறது. கேமரா மறுபடி திரும்பும்போது பதினாலு பேர் தரையில் கிடக்கிறார்கள். தமிழ்நாடே எழுந்து நின்று கைதட்டிய இடம் அது. மாயக்கண்ணன் இப்போதும் தன்னை அறியாமல் எழுந்து நின்றான்.

மாரீஸ்வரியின் படத்திலும் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கேமரா சுவரைப் பார்த்துத் திரும்பியது. பதினொரு விநாடி.

ஏன் திரும்பியது என்று முத்தழகு கேட்டாள். மாரீஸ்வரி கொஞ்சம் கூச்சப்பட்டாள். அந்த வீட்டு அழகி ஆச்சி முற்றத்தில் சுண்டவத்தல் காயப்போட்டிருந்தாராம். அள்ள வந்தபோது கேமரா தன் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, வத்தலைப் படம் பிடிக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அதட்டியிருக்கிறார். ஷாட்டை நிறுத்தினால் ஐம்பத்திரண்டு நிமிட உழைப்பு போச்சு. அதனால் ஆச்சி அள்ளி முடிக்கிற வரைக்கும் கேமராவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

மாயக்கண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. அந்தச் சுவர் வன்முறையின் வெறுமையைக் காட்டுகிறது என்று விக்கி பேட்டி கொடுத்ததை அவன் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். வெறுமையும் இல்லை ஒன்றும் இல்லை, சுண்டவத்தல்தானா என்று முனகினான்.

முத்தழகு அவனைக் கவனிக்கவில்லை. 'உக்கிரவேலு' காட்சியை நிறுத்தி, திரையின் அடிப்பாகத்தை விரலால் தொட்டாள். சட்டகத்தின் கீழ் ஓரம் முழுக்க ஒரு பச்சைக் கோடு ஓடியது. காட்சி தொடங்குவதிலிருந்து முடிகிறவரை அது அங்கேயே இருந்தது. அது விவசாயிகளின் வாழ்வாதாரம் என்று மாயக்கண்ணன் விளக்கினான். விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்களாம். வலது ஓரத்தில் அந்தக் கோட்டின்மேல் ஒரு பழுப்புப் புள்ளியும் இருந்தது. அது விவசாயி.

"உன் படத்துல இந்தக் கோடு எங்க?" என்று முத்தழகு மாரீஸ்வரியிடம் கேட்டாள்.

அப்படி ஒரு கோடே தன் படத்தில் கிடையாது என்றாள் அவள். உண்மைதான், இல்லை. அந்தக் கோட்டை மட்டும் விக்கியே சொந்தமாக யோசித்திருப்பார் என்று மாயக்கண்ணன் நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

இந்தப் படத்தை எத்தனை தடவை திரையிட்டிருக்கிறாய் என்று முத்தழகு கேட்டாள். ஒரே ஒரு தடவை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில்.

"திரைக்கு என்ன கட்டுன?"

"கட்டடத்துக்காரர் நாச்சியப்பன் ஐயாகிட்ட ஒரு வேட்டி கேட்டு வாங்கிக் கயித்துல போட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. சொல்லி முடித்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

முத்தழகு வேன் சாவியை எடுத்தாள்.

நாச்சியப்பன் வீட்டில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை. சிக்கனம் காரணம் இல்லை. அந்த வீட்டுக்கு இருபத்தேழு பங்காளிகள். ஒரு உடைந்த நாற்காலியை வெளியே வைப்பதென்றாலும் கோயம்புத்தூரில் இருக்கிறவரும் மலேசியாவில் இருக்கிறவரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. அதனால் எல்லாமே அப்படி அப்படியே இருந்தன. துப்பறிகிறவர்களுக்கு இதைவிட நல்ல வீடு அமையாது.

எழுபது வயது நாச்சியப்பன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த எட்டு முழ வேட்டியை எடுத்து விரித்தார். மூன்று விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. கயிற்றில் மடித்துப் போட்டால் மேல்கரை பின்னால் போய்விடும், கீழ்க்கரை மட்டும் முன்னால் தெரியும். அந்தக் கரையின் வலது ஓரத்தில் வெற்றிலைக் கறை ஒன்று, வாலில்லாத சேவல் மாதிரி.

மாயக்கண்ணன் செல்பேசியில் 'உக்கிரவேலு' படத்தை நிறுத்தி, வேட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். அங்கேயும் வாலில்லாத சேவல். அவன் பேட்டித் துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மடித்து, இன்னும் சின்னதாக மடித்தான்.

"விவசாயின்னு எழுதியிருந்தாகளே" என்றான் பரிதாபமாக.

அது தன் தங்கை மகன் கல்யாணத்தில் தானே துப்பியது என்று நாச்சியப்பன் தெளிவுபடுத்தினார். கறை படாத நல்ல வேட்டியாக இருந்தால் சினிமாவுக்கெல்லாம் கொடுத்திருப்பேனா என்றும் கேட்டார்.

இப்போது ஒன்று உறுதியானது. திருடியவன் கோப்பைப் பார்த்துத் திருடவில்லை. கோப்பில் கரையும் இல்லை, கறையும் இல்லை. அந்த மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தவன்தான் அத்தனையையும் சுமந்துகொண்டு போயிருக்கிறான். அன்றைக்கு வந்திருந்தது மொத்தம் ஐந்து பேர். மாரீஸ்வரியின் அண்ணி, ஜெனரேட்டர்காரர், பந்தி நடக்கிறது என்று நினைத்து ஏறி வந்துவிட்ட ஒருவர், நாச்சியப்பன், பிறகு பக்கத்து லாட்ஜிலிருந்து வந்த முகம் தெரியாத ஒருவர்.

முத்தழகு அங்கிருந்தே போன் போட்டாள். படத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, வெயில் என்றார் அண்ணி. ஒரு தூண் என்றார் ஜெனரேட்டர்காரர். பந்திக்கு வந்தவர் அழகாபுரியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். காபி நன்றாக இருந்தது, படம் எதுவும் போட்டார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். நாச்சியப்பனுக்கு நினைவிருந்தது அவருடைய வேட்டி மட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் மாரீஸ்வரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வாடிக்கையாளர் கல்யாண ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறபோது கேட்டுக்கொள்வதும் இப்படித்தான் இருக்கும் போல. மாயக்கண்ணனுக்கே பாவமாக இருந்தது.

ஐந்தாவது ஆளைப் பற்றி நாச்சியப்பன் சொன்னார். லாட்ஜில் கரண்டு போய்விட்டது, இங்கே ஜெனரேட்டரில் ஃபேன் ஓடியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

"மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கொறட்டை. முடிவுல ஒரு விசில் வேற. நான்தான் எழுப்பி அனுப்புனேன். யாரு என்னன்னுகூடக் கேக்காம தள்ளாடிக்கிட்டே போயிட்டாக."

தூங்கினவரை விட்டுவிடுங்கள் என்றான் மாயக்கண்ணன். பதினெட்டு வருடம் டார்ச் அடித்த அனுபவத்தில் சொல்கிறேன், தியேட்டரில் தூங்குகிறவன்தான் இருப்பதிலேயே யோக்கியன், அவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது என்றான். விக்கி இப்போது எங்கே இருக்கிறார் என்று முத்தழகு கேட்டாள். கொத்தமங்கலத்தில் 'உக்கிரவேலு' இரண்டாம் பாகம் நடக்கிறது என்றான் அவன். ரசிகனுக்குத் தெரியாததா.

வேட்டியைக் கொடுத்தனுப்ப நாச்சியப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. அதிலும் மற்ற இருபத்தாறு பேருக்குப் பங்கு இருக்கிறதாம். வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே வேனில் ஏறிவிட்டார்.

கொத்தமங்கலத்துப் படப்பிடிப்பு வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டே முக்கால். முற்றத்தில் ரப்பர் அரிவாளோடு அறுபது பேர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பு நிர்வாகி செம்மலை குறுக்கே வந்து நின்றார். சார் யோசித்துக்கொண்டிருக்கிறார், இப்போது பார்க்க முடியாது என்றார்.

தூரத்தில் குடைக்குக் கீழே, மானிட்டருக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடியோடு விக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தார். முத்தழகு செம்மலையிடம் நோட்டீஸ், பதில், நீதிமன்றம் என்று ஏதோ பேசிக்கொண்டிருக்க, மாயக்கண்ணன் நைசாக நழுவி அவர் காலடியில் போய் உட்கார்ந்தான். ரசிகனாக மூன்று கேள்வி கேட்டான். அந்தச் சுவர் எப்படித் தோன்றியது, அந்தப் பச்சை எப்படித் தோன்றியது, இரண்டாம் பாகத்தில் உக்கிரவேலுவின் சித்தப்பா உயிரோடு வருவாரா. விக்கி எதற்கும் பதில் சொல்லவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மானிட்டர் அணைந்திருந்தது.

மாயக்கண்ணன் கண்ணீர் மல்கத் திரும்பி வந்தான். "என்ன ஆழம்க்கா. ஒத்த வார்த்தை பேசலை" என்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு நன்றாக, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு. எலுமிச்சை சாதம் சாப்பிட்ட அறுபது பேரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழகிப்போன சத்தம் என்று தெரிந்தது.

நாச்சியப்பன் வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இந்தக் கொறட்டைதான்" என்றார். "எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். எழுவது நிமிசம் கேட்டிருக்கேன்."

முத்தழகு நேராகப் போய் விக்கியின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு கண்ணும் பாதி திறந்திருந்தன. செம்மலை வேர்த்துப்போய் உண்மையைச் சொன்னார். சார் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கண்ணை மூடாமல் தூங்குவார், எந்த இடமானாலும் தூங்குவார், அதற்காகத்தான் கறுப்புக் கண்ணாடி. யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும், வெளியே சொல்வதில்லை.

"கட்" என்று சொல்லிக்கொண்டே விக்கி விழித்தார்.

நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சுவர்க் காட்சி எப்படிப் பிறந்தது என்று முத்தழகு கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், எடுத்த மூன்று படமும் ஊற்றிக்கொண்டு, லொகேஷன் பார்க்கிறேன் என்று காரைக்குடி லாட்ஜில் ஒளிந்து கிடந்த சமயம். ஒரு மதியம் புழுக்கம் தாங்கவில்லை. திடீரென்று எங்கிருந்தோ ஜில்லென்று காற்று. அப்போது ஒரு கனவு. ஒரு முற்றம், சுற்றிச் சுற்றி நகர்கிற பார்வை, அடியில் ஒரு பச்சை ஒளி, அதில் ஒரு பொட்டு. அப்போது ஒரு பெண் தெய்வத்தின் குரல் கேட்டது. அங்குட்டுத் திருப்பு என்றது. கனவு சுவரைப் பார்த்துத் திரும்பியது.

"என் குலதெய்வம்தான் அது" என்றார் விக்கி. "எந்த அம்மன்னுதான் தெரியல. ஜில்லா முழுக்க ஒரு கோயில் விடாம நூத்தியெட்டுத் தேங்கா உடைச்சுட்டேன். எங்கயும் அந்தக் குரல் திரும்பக் கேக்கல."

அவர் கண்ணில் பொய் இல்லை. இன்சூரன்ஸ் விசாரணையில் முத்தழகு பார்த்த பொய்கள் ஆயிரம். இது அந்த வகை இல்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் பக்தனைப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

அவள் மாரீஸ்வரியைப் பார்த்துத் தலையசைத்தாள். மாரீஸ்வரி மடிக்கணினியைத் திறந்து, ஐம்பத்தோராவது நிமிடத்துக்கு நகர்த்தி, சத்தத்தை முழுதாக வைத்து, விக்கியின் மடியில் வைத்தாள். முற்றம் நகர்ந்தது. தூண் போனது. நிழல் போனது. வளையல் சத்தம் ஒன்று நெருங்கி வந்தது. பிறகு அந்தக் குரல்.

"அங்குட்டுத் திருப்புத்தா."

கேமரா சுவர் பக்கம் திரும்பியது.

விக்கி மடிக்கணினியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். எழுந்தார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பி நின்றார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தக் குரல்தான், இது எந்த அம்மன், கோயில் எங்கே இருக்கிறது என்று மாரீஸ்வரியிடம் கெஞ்சினார்.

மாரீஸ்வரிக்கு உண்மையைச் சொல்ல மனசே வரவில்லை. இருந்தாலும் மணி மூன்றரை ஆகிவிட்டது.

"அது அழகி ஆச்சி சார். பத்து வீடு தள்ளித்தான் இருக்காக. வத்தல் அள்ள வந்தாக."

முற்றத்தில் அறுபது பேரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். நாச்சியப்பன் யாரும் கேட்காமலே வேட்டியை உதறி விரித்து, பச்சைக் கரையையும் கறையையும் இயக்குநருக்கு நேராகப் பிடித்தார். விக்கி அதைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். மறுபடி அந்தக் கறையைப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார்.

செம்மலை முதலில் தெளிந்தார். நோட்டீஸைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், எல்லாரும் கலைந்து போகலாம் என்றார். அது போதாது என்றாள் மாரீஸ்வரி. நோட்டீஸ் இல்லாமல் போனாலும் விழாக்காரர்கள் மனசில் தன் படம் நகல்தான். எது முந்தியது என்று சார் கைப்பட எழுதித்தர வேண்டும் என்றாள். தூங்கிக்கொண்டு பார்த்ததை எழுதினால் சாரின் பெயர் என்னாவது என்று செம்மலை பதறினார். கனவில் தெய்வம் சொன்ன காட்சி என்பதுதான் இரண்டாம் பாகத்துக்கு இனிமேல் வரப்போகிற விளம்பரமே.

"எழுதாம விட்டாலும் வேட்டி எங்ககிட்டதான் இருக்கு" என்றாள் முத்தழகு. "நாளைக்கு யாராவது கேட்டா, எந்த அம்மன் வெத்தலை போட்டுச்சுன்னு நீங்கதான் பதில் சொல்லணும்."

விக்கி நெடுநேரம் பேசவில்லை. மாயக்கண்ணன் குனிந்து, அவர் முழித்திருக்கிறாரா என்று பார்த்தான். முழித்துத்தான் இருந்தார்.

"அப்ப அந்தப் படத்துல என்னோடதுன்னு என்னதான் இருக்கு?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"பதினாலு பேரை வெட்டுனது முழுக்க உங்க சொந்தச் சரக்கு சார்" என்றான் மாயக்கண்ணன். அதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

விக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு பேனா கேட்டார். மூன்று படம் ஊற்றிக்கொண்ட பிறகு ஊருக்கே திரும்பிப் போய்விட இருந்தேன், அந்தக் கனவுதான் என்னை மறுபடி எழுப்பி நிறுத்தியது, இத்தனை வருடமும் அதற்கு நன்றி சொல்ல ஆள் தெரியாமல்தான் தேங்காய் உடைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று மாரீஸ்வரியிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுதினார். செம்மலை ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருமுறை பெருமூச்சு விட்டார். கடிதம் மூன்றே வரி.

'இந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது மாரீஸ்வரி அவர்களின் படத்தில், காரைக்குடியில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு. பார்க்கும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் பார்த்தேன்.'

கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். முத்தழகு அதைப் படம் பிடித்து, வேட்டியையும் கரை தெரியப் படம் பிடித்து, மாயக்கண்ணனிடம் கொடுத்தாள். அவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விவரம் சேர்த்து அனுப்பினான். மணி நாலேகால்.

புறப்படும்போது செம்மலை மாரீஸ்வரியை ஓரமாகக் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளிடம் வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இரண்டாம் பாகத்துக்கு இன்னும் உச்சக்கட்டம் அமையவில்லையாம். நாளை மதியம் சார் சாப்பிட்ட பிறகு, ஒரு ஃபேனும் போட்டு, ஒரு படத்தை ஓட்டினால் உதவியாக இருக்கும் என்றார்.

மூன்று படம் இருக்கிறது என்றாள் மாரீஸ்வரி. ஆனால் இந்தத் தடவை தன் பெயரை முதலிலேயே சாரிடம் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். செம்மலை ஒப்புக்கொண்டார். நாற்பது நிமிடச் செருப்புப் படம்தான் முதலில் என்று அவள் தீர்மானித்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

வேன் காரைக்குடிச் சாலையில் ஏறி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், பதில் வந்துவிட்டது. மாயக்கண்ணன் அதை ஒரு முறை மனசுக்குள்ளும் ஒரு முறை சத்தமாகவும் வாசித்தான். படம் பட்டியலில் இருக்கிறது. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் இருந்தது. படம் முடிந்ததும் பார்வையாளர்களோடு கலந்துரையாட இயக்குநரோடு கூட, தூங்கிக்கொண்டே பார்த்த அந்தக் கனவானும் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மாயக்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். முத்தழகும் ஸ்டியரிங்கில் கை தட்டிச் சிரித்தாள். மாரீஸ்வரியும் சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். முத்தழகு வேனை ஓரமாக நிறுத்தினாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு அழுகை என்று மாயக்கண்ணன் கேட்டான்.

மாரீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஒம்பது வருசமா அந்தப் படம் யாரு மனசுலயும் ஒட்டலைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நாலு பேரு கண்ணைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தாக, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஞாபகமில்லை. தூங்குன மனுசன் ஒரு சொல்லு விடாம மனசுல வெச்சிருக்காரு. அதுக்குத் தேங்காயும் உடைச்சிருக்காரு."

அந்த நாலு பேரில் ஒருவரான நாச்சியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.